சீபீல்டு தோட்டத்தில் ரயில் மாறுகிறவர்கள்

வெள்ளிக்கிழமை

மலேசியாவில் ரப்பர் தோட்டங்கள் தாமான்கள் எனும் குடியிருப்புகளாகிவிட்ட ஊர்களை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்து எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம். பள்ளி விடுமுறை தொடங்கியதும் புறப்பட்டுவிட்டேன். முதல் ஊர், சிலாங்கூர் மாநிலத்தில் சீபீல்டு தோட்டம் இருந்த இடத்தில் எழுந்த சுபாங் ஜெயா. சின்னம்மா வீடு அங்கே எஸ்.எஸ். 19 என்ற பிரிவில் இருப்பதால் தங்குவதற்குக் கவலை இல்லை. ஈப்போவிலிருந்து கே.எல். சென்ட்ரல் வரை இ.டி.எஸ். விரைவு ரயில், அங்கிருந்து கிள்ளான் துறைமுகம் போகும் கொமுட்டர் எனும் புறநகர் ரயில். காரில் வந்தால் ஊர் தெரியாது, நெடுஞ்சாலைதான் தெரியும்.

இந்தப் பாதை மிகப் பழையது. 1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரையில் உள்ள புக்கிட் கூடா வரை தண்டவாளம் போட்டார்கள். 1890இல் பாலம் கட்டி ஆற்றைக் கடந்தார்கள். 1901இல் சுவெட்டன்ஹாம் துறைமுகம் (இன்றைய கிள்ளான் துறைமுகம்) திறந்தபோது ரயில் கடலோரம் வரை போய்க்கொண்டிருந்தது. ஈயம் ஏற்றுவதற்காகப் போட்ட பாதையில் பிறகு ரப்பர் போனது. மண் வெட்டியவர்களிலும் கல் சுமந்தவர்களிலும் நம் ஆட்கள் நிறைய. நிலைய அதிபர்களாகவும் குமாஸ்தாக்களாகவும் யாழ்ப்பாணத் தமிழர்கள் இருந்தார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து பெட்டாலிங், ஸ்ரீ செத்தியா, செத்தியா ஜெயா என்று நிலையங்கள் கடந்து போவதைப் பார்க்கும்போது இந்த நினைவு வராமல் இருக்காது.

சுபாங் ஜெயாவில் இறங்கியதும் தலைக்கு மேலே பார்த்தேன். கொமுட்டர் தரையில் ஓடுகிறது, எல்.ஆர்.டி. எனும் இலகு ரயில் தூண்களின் மேல் ஓடுகிறது. கீழே உள்ள தண்டவாளத்தின் அகலம் 1,000 மில்லிமீட்டர், மேலே உள்ளதன் அகலம் 1,435. கொமுட்டருக்கு உயரே கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் வருகிறது; எல்.ஆர்.டி.க்குப் பாதையோரம் பதித்த தண்டில் 750 வோல்ட். அந்த வண்டி இந்தப் பாதையில் ஓட வழியே இல்லை. ஆகவே மனிதர்கள்தான் மாற வேண்டும். மாலை ஆறு மணிக்கு அந்த நடைபாதையில் நின்றேன். வேலை முடிந்து கீழிருந்து மேலே ஒரு கூட்டம், மேலிருந்து கீழே ஒரு கூட்டம். கொமுட்டர் வாயிலில் அட்டையைத் தட்டி வெளியேறி, எல்.ஆர்.டி. வாயிலில் மறுபடியும் தட்டி உள்ளே போகிறார்கள். மாதம் 50 ரிங்கிட் கட்டி எல்.ஆர்.டி.யிலும் பஸ்ஸிலும் எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம் என்ற அட்டை இருக்கிறது. அது கொமுட்டருக்குச் செல்லாது. கிள்ளான் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு இது கூடுதல் செலவுதான். ஒரே அட்டையில் இரண்டையும் சேர்த்துவிட்டால் எத்தனையோ குடும்பங்களுக்கு மாதக் கடைசியில் மூச்சு விட முடியும்.

இந்த நகரம் கட்டத் தொடங்கியது 1976இல். கொமுட்டர் சேவை வந்தது 1995இல். எல்.ஆர்.டி. 2016 ஜூன் 30 அன்றுதான் வந்தது. முதல் வீடுகளில் குடியேறியவர்கள் பேரப்பிள்ளை எடுத்த காலத்தில்தான் மேலே ரயில் ஓடியது என்று சின்னம்மா சொன்னார். அவரும் அப்படிக் குடியேறியவர்களில் ஒருவர்.

சனிக்கிழமை

காலையில் சின்னம்மா பசியாறாமல் விடவில்லை. தோசை, சம்பல், தே தாரே. வெயில் ஏறுவதற்குள் எல்.ஆர்.டி. ஏறிவிட்டேன்.

கிளானா ஜெயா தடத்து வண்டிக்கு ஓட்டுநர் கிடையாது. முன்கண்ணாடிக்குப் பின்னால் உள்ள இருக்கை கிடைத்தால் பாதை முழுவதும் நம்முடையது. பிள்ளைகள் அந்த இடத்துக்குப் போட்டி போடுவார்கள். இன்று எனக்குக் கிடைத்தது. இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே தட்டையான உலோகப் பட்டை ஒன்று விடாமல் ஓடி வருகிறது. வண்டியின் அடியில் உள்ள மோட்டார் அந்தப் பட்டையைக் காந்த விசையால் உந்தித்தான் நகர்கிறது. சக்கரம் பாரத்தைத் தாங்குவதற்கு மட்டுமே. அதனால்தான் மேட்டிலும் வளைவிலும் இந்த வண்டி சளைப்பதில்லை. கோம்பாக்கிலிருந்து புத்ரா ஹைட்ஸ் வரை 46.4 கிலோமீட்டர், 37 நிலையங்கள்.

சுபாங் ஜெயாவுக்கு அடுத்து எஸ்.எஸ். 15, எஸ்.எஸ். 18, யூ.எஸ்.ஜே. 7, தைப்பான், வாவாசான், யூ.எஸ்.ஜே. 21, ஆலம் மெகா, சுபாங் ஆலம், கடைசியாக புத்ரா ஹைட்ஸ். இருபுறமும் ஓட்டு வீடுகள் வரிசை வரிசையாகப் போகின்றன. ஒவ்வொரு பிரிவிலும் ஒரு கடைவீதி, ஒரு விளையாட்டுத் திடல், நடந்து போகும் தூரத்தில் ஒரு பள்ளி. வரைபடத்தை முதலில் போட்டுவிட்டுப் பிறகு ஊரைக் கட்டினால் எப்படி இருக்கும் என்பதை உயரத்திலிருந்து பார்த்தால்தான் புரிகிறது. நன்றாகவே திட்டமிட்டிருக்கிறார்கள். மரம் நட்டிருக்கிறார்கள், வடிகால் போட்டிருக்கிறார்கள், பிள்ளைகள் ஓட இடம் விட்டிருக்கிறார்கள். பாராட்ட மனம் வருகிறது.

ஆனால் இங்கே முன்பு இருந்தது சீபீல்டு ரப்பர் தோட்டம். அந்தப் பெயரில் ஒரு நிலையமும் இல்லை. யூ.எஸ்.ஜே. என்பதில் உள்ள முதல் எழுத்து, நகரத்தைக் கட்டிய யூ.இ.பி. நிறுவனத்தைக் குறிக்கிறது; யுனைடெட் எஸ்டேட்ஸ் புராஜெக்ட்ஸ் என்பது அதன் விரிவு. தோட்டம் என்ற நினைவு அந்த அளவில் ஓர் எழுத்துக்குள் ஒளிந்திருக்கிறது. இந்தத் தடத்திலேயே சுபாங் ஜெயாவுக்கு முந்தைய நிலையத்துக்கு கிளென்மேரி என்ற தோட்டத்தின் பெயர் கிடைத்திருக்கிறது. அங்கே முடிந்தது சீபீல்டுக்கு ஏன் முடியவில்லை என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. எண்ணைச் சொல்லி இறங்கும் பிள்ளைக்குத் தன் பாட்டி ரப்பர் பால் வெட்டிய இடம் இது என்று எப்படித் தெரியும்?

திரும்பும்போது எஸ்.எஸ். 15இல் இறங்கிச் சுற்றினேன். கல்லூரி மாணவர்களின் ராஜ்ஜியம். சாப்பாட்டுக் கடைகளில் உட்கார இடமில்லை. மூன்று மணிக்கு மழை பிடித்துக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை

இன்றைய நாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கொமுட்டர் தளத்தில் கிள்ளான் பக்கமிருந்து வந்த வண்டியிலிருந்து ஓர் அம்மா இறங்கினார். எழுபதைத் தாண்டிய வயது. கைத்தறிப் புடவை, காலில் ரப்பர் செருப்பு. இடது கையில் வாழையிலையில் சுற்றிச் செய்தித்தாளில் பொதிந்த பூப்பொட்டலம். இலையின் ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கழுத்தில் கறுப்புக் கயிறு, அதன் முனையில் பிளாஸ்டிக் உறைக்குள் அடையாள அட்டையும் ரயில் அட்டையும். வாயிலுக்கு வந்ததும் உறையோடு சேர்த்தே அட்டையை வைத்தார். ஒலி வரும்வரை கையை எடுக்கவில்லை. ஒலி வந்த பிறகும் ஒரு கணம் காத்திருந்தார்.

"பொட்டலத்தை நான் எடுத்துக்கொண்டு வரட்டுமா அம்மா?" என்று கேட்டேன்.

"பூ வேண்டாம் தம்பி, அது என் கையில்தான் இருக்க வேண்டும். பையை எடுத்துக்கொள்."

பையில் தேங்காயும் வெற்றிலையும் நெய் பாட்டிலும் இருந்தன. யூ.எஸ்.ஜே. 25இல் உள்ள சீபீல்டு ஸ்ரீ மகா மாரியம்மன் கோயிலுக்குப் போகிறார். புக்கிட் பாடாக்கில் மகன் வீட்டில் இருக்கிறார். முன்பெல்லாம் யாராவது காரில் அழைத்துப் போனால்தான் உண்டு. பேத்திதான் இந்த வழியைக் கற்றுக்கொடுத்தாள்: கீழே இறங்கு, மின்தூக்கியில் ஏறு, மேலே மறுபடி ஏறு. இப்போது எவரையும் எதிர்பார்ப்பதில்லை.

நானும் உடன் வரலாமா என்று கேட்டேன். "கோயிலுக்கு வருகிறவனை வேண்டாம் என்று சொல்வேனா?" என்றார்.

மின்தூக்கி எந்த மூலையில் இருக்கிறது, எந்த இடத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கலாம் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. மேலே வண்டியில் உட்கார்ந்ததும் பேச்சு தோட்டத்துக்குப் போனது. திருமணமாகி சீபீல்டுக்கு வந்தவர். விடியும் முன்பே பெரட்டுக் களத்தில் நிற்க வேண்டும். கங்காணி பெயர் கூப்பிட்ட பிறகு நிரைக்கு, அதாவது தங்கள் மர வரிசைக்குப் போவார்கள். வெயில் ஏறினால் பால் ஓட்டம் நின்றுவிடும். அதனால் விடியற்காலை இருட்டில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டுவார்கள். பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார்கள். மங்கு எனும் கிண்ணத்தில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, காண்டா எனும் தோள்கம்பில் மாட்டி ஸ்டோருக்குத் தூக்கி வருவார்கள். பேசும்போது அவருடைய வலது கை மடியிலிருந்து எழுந்து, காற்றில் இடமிருந்து வலமாகச் சரிவாக ஒரு கோடு இழுத்தது. மரத்தின் பட்டையில் கத்தி இறங்கும் கோணம் அது. என் அம்மாவும் பால் வெட்டியவர். அந்தச் சரிவு எனக்குத் தெரியும்.

"அப்போது ரயில் சத்தம் கேட்குமா?" என்று கேட்டேன்.

"சத்தம் கேட்கும். ஏறியது கிடையாது. எங்கே போக? போக வேண்டுமென்றால் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் அந்த நாள் பேரும் இல்லை, கூலியும் இல்லை. வந்து போகக் காசும் வேண்டுமே."

வண்டி யூ.எஸ்.ஜே. 7ஐத் தாண்டும்போது ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "இதிலே எங்கேயோதான் எங்கள் லயம்" என்று தோட்டத்து வரிசை வீடுகளைச் சொன்னார். சரியான இடத்தை அவரால் காட்ட முடியவில்லை. மேடு பள்ளம் எல்லாவற்றையும் சமப்படுத்திவிட்டார்கள், ஓடை வடிகாலாகிவிட்டது. அடையாளம் வைத்துக்கொள்ள ஒரு மரம்கூட இல்லை. தோட்டத்தில் வீடு வேலையோடு சேர்ந்தது. வேலை போனால் வீடும் போகும். நிலத்தை விற்றபோது குடும்பங்கள் கிள்ளான், பூச்சோங், ஷா ஆலம் என்று பல பக்கம் போய்விட்டன. எவர் எங்கே என்று தெரிந்துகொள்ளும் இடம் இப்போது கோயில் ஒன்றுதான்.

கடைசிக் கொஞ்ச தூரத்துக்கு வாடகைக் கார் பிடித்தோம். டி எழுத்தில் தொடங்கும் இணைப்புப் பஸ்கள் ஒரு ரிங்கிட்டுக்கு ஓடுகின்றன. பழகியவர்களுக்கு நல்ல வசதி. ஆனாலும் வெயிலில் நிறுத்தம் வரை நடந்து, நின்று, ஏறி இறங்குவது அந்த வயதுக்கு எளிதல்ல. ரயில் இத்தனை கிலோமீட்டர் கொண்டுவந்து விடுகிறது. மிச்சமிருக்கும் இந்தச் சிறு தூரம்தான் முதியவர்களை வீட்டிலேயே உட்கார வைக்கிறது. திட்டமிடுகிறவர்கள் இந்த அம்மாவோடு ஒரு நாள் நடந்து பார்க்க வேண்டும்.

நூறாண்டைத் தாண்டிய கோயில் அது. 2018 நவம்பரில் கோயிலை இடம் மாற்றும் தகராறு கலவரமாகி, நாடு முழுவதும் அதைப் பற்றியே பேசியது. அந்த வேதனையான நாட்களைப் பற்றி இங்கே யாரும் வாயெடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அம்மா பூவைக் கொடுத்துவிட்டுத் தூணோரம் உட்கார்ந்ததுமே இரண்டு பெண்கள் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் பூச்சோங்கிலிருந்து வந்திருந்தார், இன்னொருவர் பத்து தீகாவிலிருந்து. மூவரும் ஒரே ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளை விட்டவர்கள். யார் மகளுக்குக் கல்யாணம், யாருக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது, யார் தவறிவிட்டார்கள் என்று சாப்பாட்டு நேரம் வரை பேசினார்கள். பூச்சோங்கிலிருந்து வந்தவரும் எல்.ஆர்.டி.யில்தான் வந்திருந்தார், புத்ரா ஹைட்ஸ் வழியாக.

சந்திப்பு நிலையம் எதற்கு என்று என்னைக் கேட்டால் இனி இதைத்தான் சொல்வேன்.

திங்கட்கிழமை

கிள்ளான். பத்து தீகா, ஷா ஆலம், பாடாங் ஜாவா, புக்கிட் பாடாக், அதற்கடுத்து கிள்ளான். ஷா ஆலமும் தோட்டத்திலிருந்து பிறந்த நகரம்தான். சுங்கை ரெங்கம் என்ற பெயரில் ரப்பரும் செம்பனையும் நின்ற இடம், 1978இல் சிலாங்கூரின் தலைநகரமானது. ஜன்னலில் அதைப் பார்த்ததோடு சரி, இறங்கவில்லை.

கிள்ளான் நிலையத்திலிருந்து தெங்கு கிளானா சாலை நடந்து போகும் தூரம். மாலை கட்டுகிறவர்கள், புடவைக் கடைகள், முறுக்கு வாசனை. ஒரு தேநீர்க் கடையில் என் மேசைக்கு ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார். தோட்டங்களைப் பற்றி எழுதுகிறேன் என்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "நாதன் பெயரை எழுதுவாயா?"

எழுதுகிறேன் ஐயா. 1941இல் இந்த வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. முன்னின்றவர் ஆர்.எச். நாதன், கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் பின்னால் நின்றது. சீனத் தொழிலாளர்களுக்குக் கொடுப்பதைப் போன்ற கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுவது, பெண்களிடம் முறைகேடாக நடப்பதற்கு முடிவு, சங்கம் வைக்கும் உரிமை என்று கேட்டார்கள். அவற்றோடு இன்னும் இரண்டு கோரிக்கைகள் இருந்தன. உறவினர்களும் நண்பர்களும் தடையின்றித் தோட்டத்துக்குள் வந்துபோக வேண்டும். துரைமார் எனும் வெள்ளைக்கார மேலாளர்கள் எதிரே வரும்போது தொழிலாளி சைக்கிளைவிட்டு இறங்காமல் போக வேண்டும். மே மாதம் நாதனைக் கைது செய்து பிறகு இந்தியாவுக்கு நாடுகடத்தினார்கள். படையை இறக்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள்.

"என் அப்பா சைக்கிளைவிட்டு இறங்கி ஓரத்தில் நின்றவர்" என்றார் பெரியவர். "துரை கண்ணுக்குத் தெரியாத தூரம் போன பிறகுதான் ஏறுவாராம். சொல்லும்போது இந்த இடத்தில் குரல் இறங்கிவிடும்." எழுந்து போகும்போது என் தேநீருக்கும் அவரே காசு கொடுத்துவிட்டார்.

சைக்கிளில் உட்கார்ந்தபடியே போவதற்காக உயிரைக் கொடுத்திருக்கிறார்கள். உறவினர் வீட்டுக்கு வந்துபோவதற்காகச் சிறை சென்றிருக்கிறார்கள். நேற்று அந்த அம்மா கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு எவரையும் கேட்காமல் இரண்டு ரயில் மாறிப் போனாரே, அந்தப் போக்குவரத்துக்கு இப்படி ஒரு வரலாறு இருக்கிறது. சிலாங்கூரில் ரயில் ஏறும் ஒவ்வொரு தமிழ்ப் பிள்ளைக்கும் 1941 தெரிந்திருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். பள்ளிக்குத் திரும்பியதும் என் ஆறாம் ஆண்டு மாணவர்களிடமிருந்து தொடங்கப்போகிறேன்.

செவ்வாய்க்கிழமை

புத்ரா ஹைட்ஸ் நிலையத்தில் கிளானா ஜெயா தடமும் ஸ்ரீ பெட்டாலிங் தடமும் சேர்கின்றன. டிக்கெட் வாயிலைத் தாண்டாமலேயே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறிவிடலாம். 2025 ஏப்ரல் 1 அன்று எரிவாயுக் குழாய் தீப்பற்றிய பகுதி இதுதான். அன்று வீடிழந்தவர்களை நினைத்துக்கொண்டேன். ஆறு பெட்டி வண்டியில் ஏறி பூச்சோங் வழியாகப் போனேன். பூச்சோங் பிரிமா, பூச்சோங் பெர்டானா, பண்டார் புத்ரி என்று போய், கின்ராரா பி.கே. 5 வந்ததும் இறங்கினேன். கின்ராராவும் ஒரு தோட்டத்தின் பெயர். இங்கே அது பிழைத்திருக்கிறது. மகிழ்ச்சியாக இருந்தது. சுற்றிலும் அடுக்குமாடி வீடுகள். பார்க்க வேறொன்றும் பெரிதாக இல்லை.

மாலை யூ.எஸ்.ஜே. 7க்கு வந்து, அங்கிருந்து தனிப்பாலத்தில் ஓடும் மின்சார பஸ்ஸில் செத்தியா ஜெயா வரை போய்ப் பார்த்தேன். 5.4 கிலோமீட்டர், 2015இல் தொடங்கியது. ஈயச் சுரங்கம் தோண்டிய இடத்தில் எழுந்த சன்வே நகரத்தைக் குறுக்கே கடந்து கொமுட்டரில் சேர்த்துவிடுகிறது. தோட்டமும் சுரங்கமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்திருக்கின்றன.

மாநகர் மன்ற அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். சுபாங் ஜெயா நிலையத்தில் கொமுட்டரிலிருந்து எல்.ஆர்.டி.க்குப் போகும் நடைபாதைச் சுவரில் சீபீல்டு தோட்டத்தைப் பற்றி ஒரு பலகை வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். மலாயிலும் தமிழிலும், ஒரு பழைய வரைபடத்தோடு. அந்தத் தோட்டத்தின் பெயரில் தேசிய வகைத் தமிழ்ப்பள்ளி இந்த நகரத்தில் இன்றும் நடக்கிறது; கோயில் இருக்கிறது. ரயில் நிலையத்திலும் பெயர் இருக்கட்டும். லயங்கள் எந்த இடத்தில் நின்றன, பெரட்டுக் களம் எது, ஸ்டோர் எது, பழைய பள்ளிக்கூடம் எது என்று அந்த வரைபடத்தில் குறிக்க வேண்டும். அம்மாவும் அவருடைய தோழிகளும் சொன்னதைக் குறித்து வைத்திருக்கிறேன், போதவில்லை.

உங்கள் வீட்டில் சீபீல்டில் பால் வெட்டியவர்கள், வெளிக்காட்டு வேலை பார்த்தவர்கள், கிராணியாக (தோட்டக் குமாஸ்தாவாக) இருந்தவர்கள் எவராவது இருந்தால் இந்த வாரமே கேட்டு எழுதுங்கள். ஓடை எந்தப் பக்கம், கோயிலிலிருந்து லயத்துக்கு எவ்வளவு நடை, ரயில் சத்தம் எந்தத் திசையிலிருந்து கேட்டது, இவ்வளவு போதும். படம் இருந்தால் இன்னும் நல்லது. அடுத்த பள்ளி விடுமுறையில் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கோயிலில் அந்த மூவரையும் மறுபடி பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.